டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் காலி: விண்டோஸ் 11க்கு மாறியபின் எங்கே தேடுவது?

11 அக்டோபர் 2025, காலை (கேள்வி)

அக்கா, மூன்று நாளைக்கு முன் மடிக்கணினியை விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மேம்படுத்தினேன். இன்று டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் காலி. ஏதோ ஒரு குறுக்குவழி மட்டும் கிடக்கிறது. மேம்படுத்தினால் சி டிரைவில் இருக்கும் சொந்தக் கோப்புகள் அழிந்துவிடும், எல்லாவற்றையும் முன்பே டி டிரைவுக்கு மாற்றியிருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

11 அக்டோபர் 2025, இரவு

தம்பி, முதலில் கணினியிலிருந்து கையை எடுங்கள். கோப்பு மீட்கும் நிரல் எதையும் இறக்கி நிறுவ வேண்டாம். உண்மையிலேயே அழிந்திருந்தால் அந்த நிரல் போய் உட்காரும் இடமே உங்கள் கோப்பு இருந்த இடமாக இருக்கலாம்.

கடைக்காரர் சொன்னது தவறு. 'கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொள்' என்ற தேர்வோடு மேம்படுத்தினால் சொந்தக் கோப்புகளை விண்டோஸ் தொடாது. நான் 19 ஆண்டுகளாக ஓர் ஆவண எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். எக்ஸ்பி, 7, 10, இப்போது 11 என்று எல்லா மேம்படுத்தலையும் எங்கள் அலுவலகம் பார்த்துவிட்டது. ஒரு கிரயப் பத்திர வரைவுகூட மேம்படுத்தலால் போனதில்லை. போனவை எல்லாம் மனிதர் கையால் போனவை.

டி டிரைவ் கதை நம் ஊரில் கணினி சேர்த்துக் கொடுப்பவர்கள் காலங்காலமாகச் சொல்வது. ஒரே ஹார்டு டிஸ்கை சி, டி, ஈ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்து, 'முக்கியமானதை டியில் வையுங்கள்' என்பார்கள். சியை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவும்போது டி தப்பிக்கும், அதுவரை சரி. டிஸ்கே பழுதானால் மூன்றும் சேர்ந்து போகும். ஒரே பீரோவில் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்றி வைத்துவிட்டுத் திருடனிடமிருந்து காப்பாற்றிவிட்டதாக நினைப்பது போலத்தான்.

நாளை இதைச் செய்யுங்கள். இடப்பக்கப் பட்டியலில் உள்ள டாக்குமெண்ட்ஸ் மீது மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டிஸ்' போய், 'லொகேஷன்' என்ற தாவலைப் பாருங்கள். அங்கே எழுதியிருக்கும் முகவரியை அப்படியே எனக்கு எழுதுங்கள். பிறகு, சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். 30 நாள் அது இருக்கும், அவசரம் இல்லை.

12 அக்டோபர் 2025, காலை

அவசரம் உண்டு. நேற்று இரவு எழுதியதில் இரண்டு தவறு.

30 நாள் என்றேன். விண்டோஸ் 10 வந்த புதிதில் அதுதான் கணக்கு. 2016இல் வந்த பதிப்பிலிருந்து 10 நாள். நீங்கள் 8ஆம் தேதி மாறியதாகக் கணக்கிட்டால் 18ஆம் தேதிக்குள் பார்த்தாக வேண்டும். அதற்குள் கட்டளை வரியில் சொன்னால் 60 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். கெடு முடிந்தபின் எந்தக் கட்டளையும் உதவாது. ஆனால் உங்கள் கோப்புகள் அதற்குள் இருக்க வாய்ப்புக் குறைவு. கோப்புகளை வைத்துக்கொண்டு மேம்படுத்தும்போது அவை புதிய விண்டோஸுக்கே வந்துவிடும். பழைய விண்டோஸின் எலும்புக்கூடு மட்டும்தான் அந்த ஃபோல்டரில் கிடக்கும். 'எதையும் வைக்காதே' என்று தேர்ந்தவர்களுக்குத்தான் அங்கே புதையல்.

இரண்டாவது, எங்கள் அலுவலகம் 'எல்லா மேம்படுத்தலையும்' பார்த்ததாகப் பெருமை அடித்துக்கொண்டேன். எக்ஸ்பியிலிருந்து 7க்கு நேரடி மேம்படுத்தலே கிடையாது. புதிதாக நிறுவிக் கோப்புகளை நாமே நகலெடுத்துப் போட வேண்டும். 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால் அலுவலகத்தில் இயந்திரத்தையே மாற்றினோம். உண்மையான மேம்படுத்தல் 7இலிருந்து 10க்குப் போன ஒன்றுதான். என் அனுபவத்தைக் கழித்துப் படிக்கவும்.

14 அக்டோபர் 2025

இன்றோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது. 2015 ஜூலையில் வந்தது, பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. மாற முடியாத தனிநபர்களுக்கு நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அவசரப்பட்டு இன்றைக்கே மாற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

தம்பியிடமிருந்து இன்னும் முகவரி வரவில்லை. அதற்குள் எங்கள் தொழில் வழியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் ஒரு வீட்டை 'மேலத்தெரு காரை வீடு' என்பார்கள். ஊருக்கு அது போதும். பத்திரத்தில் அப்படி எழுத முடியாது, சர்வே எண்ணும் நான்கெல்லையும் வேண்டும். 'டாக்குமெண்ட்ஸ்' என்பது காரை வீடு மாதிரி ஒரு கூப்பிடு பெயர். அந்தப் பெயர் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதை விண்டோஸ் தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறது. பதிவேட்டில் 'யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதியில், டாக்குமெண்ட்ஸுக்கு உரிய வரியின் பெயர் 'பெர்சனல்'. அந்த வரியில் முகவரி மாறினால், நீங்கள் அதே பெயரைச் சொடுக்கினாலும் வேறு வீட்டு வாசலில் நிற்பீர்கள்.

இடமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. விண்டோஸ் 98இல் 'மை டாக்குமெண்ட்ஸ்' சி டிரைவின் வாசலிலேயே இருந்தது. எக்ஸ்பியில் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற நீளப் பெயருக்குள், பயனர் பெயருக்குள் போயிற்று. 2007இல் விஸ்டா வந்தபோது அது 'யூசர்ஸ்' ஆகி, 'மை' கழன்றுபோனது. பழைய நிரல்கள் தடுமாறாமல் இருக்கப் பழைய பெயரை ஒரு திசைகாட்டியாக மட்டும் மறைத்து வைத்தார்கள். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துவிட்டு அதைச் சொடுக்கினால் 'அனுமதி இல்லை' என்று வரும். பலர் அதைக் கண்டு பதறியிருக்கிறார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை, அது வெறும் பலகை.

அசல் எது, நகல் எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை 'லொகேஷன்' தாவல்தான். பதிவேட்டில் ஏறிய ஃபோல்டருக்கு மட்டும் அந்தத் தாவல் வரும். மற்றதற்கு வராது.

15 அக்டோபர் 2025

முகவரி வந்தது. சி டிரைவ், யூசர்ஸ், அவர் பெயர், டாக்குமெண்ட்ஸ். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் காலி.

அப்போதுதான் கேள்வியை மறுபடி படித்தேன். 'ஏதோ ஒரு குறுக்குவழி மட்டும் கிடக்கிறது.' தம்பி, அந்தக் குறுக்குவழியின் பெயர் என்ன என்று கேட்டேன். 'என் கோப்புகள் எங்கே' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதாம். நான்கு நாளாக விடை அந்த ஃபோல்டரிலேயே பல்லிளித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அவரும் சொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நானோ விஸ்டா வரலாறு எழுதிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். மேம்படுத்தி முடிந்ததும் வந்த திரையில் 'உங்கள் ஃபோல்டர்களைக் காப்புப் பிரதி எடுக்கவா' என்ற கேள்விக்கு 'ஆம்' சொல்லியிருக்கிறார். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் ஃபோல்டருக்குள் குடிபோய்விட்டன. காப்புப் பிரதி என்றால் இங்கேயும் ஒன்று, அங்கேயும் ஒன்று என்றுதான் நாம் நினைப்போம். இங்கே நடப்பது இடமாற்றம். மறுநாள் 'மேகம் எதற்கு, வேண்டாம்' என்று அவரே அதை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தியதும் டாக்குமெண்ட்ஸ் என்ற பெயர் பழைய வீட்டுக்குத் திரும்பியது. சாமான்கள் புதிய வீட்டிலேயே தங்கிவிட்டன.

மீட்பது சுலபம். யூசர்ஸில் அவர் பெயருக்குள் ஒன்டிரைவ், அதற்குள் இன்னொரு டாக்குமெண்ட்ஸ். அங்கிருந்து பழைய இடத்துக்கு நகலெடுக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் பச்சைக் குறி இருக்கிறதா, மேகக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேகக் குறி என்றால் கோப்பு இணையத்தில் மட்டும் இருக்கிறது. இணைப்பு இருக்கும்போதுதான் நகலெடுக்க முடியும். இலவச இடம் 5 ஜிபி. அதற்கு மேல் போனவை ஏறாமல் நிற்கும், அவற்றையும் எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. நகலெடுத்து, திறந்து சரிபார்த்து, ஒரு வாரம் பொறுத்துப் பிறகுதான் அங்கே உள்ளதை அழிக்க வேண்டும். இணைந்திருக்கும்போது இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஒன்டிரைவ் இணையதளத்தின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்பது ஓர் ஆறுதல்.

15 அக்டோபர் 2025, இரவு

1,870 கோப்பும் கிடைத்துவிட்டனவாம். கடைக்காரரிடம் போய்ச் சொன்னாராம். 'அதுதான், டியில் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது' என்றாராம் அவர்.

19 அக்டோபர் 2025

நாளை தீபாவளி. முறுக்கு பிழியும் இடைவேளையில் ஒரு சிறு குறிப்பு.

இணையக் கணக்கோடு விண்டோஸை அமைத்தால், யூசர்ஸுக்குள் உங்கள் பெயரில் உருவாகும் ஃபோல்டருக்கு மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தைத்தான் வைக்கும். எங்கள் அலுவலக மின்னஞ்சல் 'பத்திரம்' என்ற சொல்லை ஒட்டித் தொடங்குகிறது, அதுவும் 'த'வுக்கு 'டி எச்' போட்டு ஒற்றை ஒலியாக. முதல் ஐந்து ஆங்கில எழுத்தில் வெட்டியதால் புதிய கணினியில் என் ஃபோல்டரின் பெயர் 'பதி'யிலேயே நின்றுவிட்டது. கணவரிடம் சொன்னேன். "இந்தப் பதியாவது கேட்டவுடன் கோப்பை எடுத்துத் தருகிறதா?" என்றார்.

பிடிக்காவிட்டால் அந்த ஃபோல்டரின் பெயரை நேராக மாற்றக் கூடாது. பதிவேட்டில் பழைய பெயர் இருக்கும், பெயர் பொருந்தாமல் போனால் அடுத்த முறை தற்காலிகக் கணக்கில் கொண்டுபோய் நிறுத்தும், எல்லாம் காலியாகத் தெரியும். முதலில் உள்ளூர்க் கணக்கு ஒன்றை விரும்பிய பெயரில் உருவாக்கிவிட்டுப் பிறகு இணையக் கணக்கோடு இணைப்பதே நல்லது.

23 அக்டோபர் 2025

'மேம்படுத்தல் சொந்தக் கோப்புகளைத் தொடாது' என்று முதல் குறிப்பில் அடித்துச் சொன்னேன். ஒருவர் 2018ஐ நினைவூட்டினார். சரிதான், மறந்துவிட்டேன். அல்லது மறக்க விரும்பினேன்.

2018 அக்டோபர் 2 அன்று வெளிவந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பை, கோப்புகள் காணாமல் போவதாக எழுந்த புகார்களால் 6ஆம் தேதியே மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. நவம்பர் 13இல்தான் மறுபடி வெளியிட்டது. காரணம் நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயமேதான். டாக்குமெண்ட்ஸை வேறு டிரைவுக்குத் திருப்பிவிட்ட சிலர், பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டு வைத்திருந்தார்கள். திருப்பியபின் பழைய இடத்தில் வெற்று ஃபோல்டர்கள் இரட்டையாகத் தெரிகின்றன என்று முன்பு பலர் குறைப்பட்டிருந்தார்கள். அந்த இரட்டையை நீக்க எழுதிய நிரல், வெற்றாக இல்லாத ஃபோல்டரையும் உள்ளே இருந்தவற்றோடு நீக்கிவிட்டது. புகார் அளித்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்று நிறுவனம் சொன்னது. அந்த ஒருவருக்கு அது நூற்றுக்கு நூறு.

கவனித்தீர்களா, அதில் பாதிக்கப்பட்டவர்களில் 'டியில் வை' அறிவுரையைப் பாதி மட்டும் கேட்டவர்களும் உண்டு. பெயரை மாற்றிவிட்டுச் சாமானைப் பழைய வீட்டிலேயே விட்டவர்கள். ஆக, என் வாக்கியத்தைத் திருத்துகிறேன்: மேம்படுத்தல் பொதுவாகத் தொடாது. 'பொதுவாக' என்ற சொல்லைப் பத்திரத்தில் எங்கள் ஆவண எழுத்தர் ஐயா அனுமதிக்க மாட்டார், இங்கே வேறு வழியில்லை.

27 அக்டோபர் 2025

இன்னொருவர் டாக்குமெண்ட்ஸை டி டிரைவுக்கு மாற்றினாராம். 'லொகேஷன்' தாவலில் டி டிரைவையே தேர்ந்துவிட்டார். அதற்குள் தனி ஃபோல்டர் உருவாக்கவில்லை. இப்போது டி டிரைவின் பெயரே 'டாக்குமெண்ட்ஸ்' என்று தெரிகிறது, திரும்ப மாற்றவும் முடியவில்லை என்கிறார். இது நிறையப் பேர் விழும் குழி. அதே தாவலில் 'பழைய நிலைக்குத் திருப்பு' பொத்தானை அழுத்தி, 'கோப்புகளையும் நகர்த்தவா' என்று கேட்கும்போது 'இல்லை' சொல்லிப் பார்க்கவும். அதற்கும் மசியாவிட்டால் பதிவேட்டில் 'பெர்சனல்' வரியைக் கையால் திருத்த வேண்டும். பதிவேட்டில் கை வைக்கும் முன் அதற்கொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்காதீர்கள் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவள் நான்.

2 நவம்பர் 2025

கோப்பு இருக்கிறது, திறக்கவும் செய்கிறது, ஆனால் உள்ளே தமிழ் இல்லை என்று ஒரு புதிய புகார். புதிய கணினிக்கு டாக்குமெண்ட்ஸை மட்டும் நகலெடுத்தவருக்கு நேர்ந்திருக்கிறது. எனக்கு இது பழைய சொந்தம்.

எங்கள் அலுவலகத்தின் பழைய வரைவுகள் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. வீட்டில் வெளிவேலைக்காக நான் தட்டச்சு செய்தவை பாமினியில். இவை எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் வருவதற்கு முந்தைய ஏற்பாடு. பாமினியில் தட்டியதைக் கணினி ஆங்கில எழுத்தாகத்தான் சேமிக்கும், எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி போடும். எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். பாமினியில் 'அம்மா' என்று தட்டியிருந்தால் திரையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். கெடவில்லை. எழுத்துருவை நிறுவியதும் அம்மா திரும்பி வருவாள்.

சிக்கல் என்னவென்றால் எழுத்துரு டாக்குமெண்ட்ஸில் இருக்காது. பழைய விண்டோஸில் எழுத்துருக்கள் எல்லாம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற ஒரே இடத்தில் கிடக்கும். விண்டோஸ் 10இன் 1809இலிருந்து (ஆமாம், அதே 1809) 'நிறுவு' என்று சொடுக்கினால் அந்தப் பயனருக்கு மட்டும் நிறுவும். அது 'ஆப்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டருக்குள், 'லோக்கல்' வழியாக உள்ளே உள்ளே போய்க் கிடக்கும். புதிய கணினிக்குப் போகிறவர்கள் இரண்டு இடத்திலும் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவும்போது 'அனைத்துப் பயனர்களுக்கும்' என்பதைத் தேர்ந்தால் பொது இடத்துக்கே போகும்.

யூனிகோடில் தட்டியவர்களும் சிரிக்க வேண்டாம். லதா எழுத்துரு விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்தது. 10இலிருந்து அதை விருப்ப அம்சமாக ஒதுக்கிவிட்டார்கள். புதிதாக நிறுவிய கணினியில் தமிழ் மொழியைச் சேர்த்தால் அல்லது 'தமிழ் துணை எழுத்துருக்கள்' என்ற அம்சத்தை இயக்கினால்தான் வரும். இல்லாவிட்டால் நிர்மலா எழுத்துரு அந்த இடத்தை நிரப்பும். படிக்க முடியும், ஆனால் வரி உடையும் இடம் மாறும். எங்களுக்கு 6 பக்க விடுதலைப் பத்திரம் 7 பக்கம் ஆயிற்று. முத்திரைத்தாளில் அச்சடிக்கப் பக்கம் பிரித்து வைத்தவர்களுக்கு அதன் வலி தெரியும்.

9 நவம்பர் 2025

'எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே' என்று ஓர் இளைஞர் கேட்கிறார். மாற்றினேன், ஒரு ஃபோல்டரை மட்டும். மாற்றி நிரலுக்கு எது தமிழ் முகமூடி போட்ட ஆங்கிலம், எது அசல் ஆங்கிலம் என்று தெரியாது. சர்வே எண் 214இன் உட்பிரிவு '2 ஏ' என்று ஆங்கில எழுத்தில் இருந்ததை அது தமிழ் எழுத்தாக்கிவிட்டது. அடுத்த வீட்டுக்காரன் நிலத்தை எழுதிக்கொடுப்பதற்கு ஓர் எழுத்துப் போதும். புதிய வரைவுகள் அனைத்தும் யூனிகோட். பழையவை அப்படியே இருக்கட்டும், எழுத்துருவோடு சேர்த்து.

பெயர் வைப்பதிலும் ஒரு கணக்கு. கோப்பின் முழு முகவரி சுமார் 260 எழுத்தைத் தாண்டினால் பல நிரல்கள் திறக்க மறுக்கும். 'தென்காசி' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டு. கொம்பும் காலும் சுழியும் புள்ளியும் தனித்தனி எண்ணிக்கை. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக முழுப் பெயரில் தமிழ் எழுதி வைத்துவிட்டு, பிறகு அது ஒன்டிரைவுக்குள் குடிபோனால் முகவரி இன்னும் நீளும். நேற்று வரை திறந்த கோப்பு இன்று திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஐயாவின் 'தென்காசி வட்டம் பாகப்பிரிவினைப் பத்திர வரைவுகள் திருத்தியது இறுதி' ஃபோல்டரை நான் 'பாகம்' என்று சுருக்கினேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

22 நவம்பர் 2025

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

வீட்டுக் கணினியில் சி டிரைவை அழித்து விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவினேன். பயம் இல்லை, வெளி ஹார்டு டிஸ்கில் முழு நகல் இருந்தது. அதைத் திறந்தும் பார்த்தேன். அன்றைக்குத் தேவையான ஒரு ஃபோல்டரை மட்டும் கணினிக்கு எடுத்துக்கொண்டு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் நகலெடுக்கும் கட்டளைக் கோப்பைச் சொடுக்கினேன். பல ஆண்டுப் பழக்கம், அந்தக் கோப்பு வெளி டிஸ்கிலேயே இருக்கும். அதற்குள் 'ராபோகாபி' கட்டளை, கடைசியில் எம் ஐ ஆர். கண்ணாடி என்று பொருள். மூலத்தில் இருப்பதுபோலவே நகலையும் ஆக்கும். மூலத்தில் இல்லாததை நகலிலிருந்து அழிக்கும்.

மூலத்தில் ஒரே ஒரு ஃபோல்டர்தான் இருந்தது.

இருபது நொடியில் முடிந்துவிட்டது. புதிய விண்டோஸ் எவ்வளவு வேகம் என்று மகிழ்ந்துபோனேன். சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டுக் குடித்தேன். பாதிக் காப்பியில்தான் அந்த இருபது நொடி உறைத்தது.

'போனவை எல்லாம் மனிதர் கையால் போனவை' என்று முதல் குறிப்பில் எழுதியவளும் நான்தான். அதை இப்போது திருத்த வேண்டியதில்லை.

23 நவம்பர் 2025

எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு. கட்டளை ஓடுவதற்கு முன் இரு பக்கத்தையும் திறந்து பார்த்தேன். இரண்டிலும் 'டாக்குமெண்ட்ஸ்' என்று இருந்தது. திருப்தியாகச் சொடுக்கினேன்.

அந்தப் பெயர்தான் ஏமாற்றியது. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் 'டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ' என்ற மறைந்த சிறு கோப்பு ஒன்று உண்டு. ஃபோல்டரை என்ன பெயரில் காட்ட வேண்டும் என்பது அதில் இருக்கும். ஃபோல்டரை நகலெடுத்தால் அந்தக் கோப்பும் கூடவே வரும். நகலுக்கு '2019 நகல்' என்று பெயர் வைத்திருந்தாலும் திரையில் 'டாக்குமெண்ட்ஸ்' என்றே தெரியும். என் வெளி டிஸ்கில் ஒரு காலத்தில் ஏழு டாக்குமெண்ட்ஸ் வரிசையாக நின்றன, எது எந்த ஆண்டு என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். நகலில் இருக்கும் அந்த மறைந்த கோப்பை மட்டும் அழித்தால் உண்மைப் பெயர் தெரியும். இதை எனக்குப் பத்து ஆண்டாகத் தெரியும். செய்ததில்லை.

கட்டளைக் கோப்பில் எம் ஐ ஆரை எடுத்துவிட்டு 'ஈ' போட்டேன். இனி சேர்க்கும், அழிக்காது. 'எக்ஸ் ஜே'யும் சேர்த்தேன். பயனர் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுப்பவர்கள் அதை மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் விஸ்டா காலத் திசைகாட்டிகளுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டே இருக்கும்.

30 நவம்பர் 2025

வெளி டிஸ்கில் மறுபடி எதையும் நகலெடுக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. 'ஃபோட்டோரெக்' என்ற இலவச நிரலை ஓட்டி, மீண்டதை வேறொரு டிஸ்கில் எழுத வைத்தேன். அது ஃபோல்டர் அமைப்பைப் பார்க்காது. டிஸ்கைத் துழாவி, இது வேர்டு கோப்பு, இது படம் என்று அடையாளம் கண்டு அள்ளிக் கொடுக்கும். பழைய சுழலும் டிஸ்க் என்பதால் பலித்தது. சுழலாத புது வகையான எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், நம்பிக்கை வைக்க வேண்டாம்.

1,140 கோப்புகள் மீண்டன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. எல்லாம் எண்கள். ஃபோல்டர்களும் இல்லை. 19 ஆண்டுகளில் மற்றவர் பத்திரங்களுக்குப் பெயர் வைத்துப் பழகியவளுக்குச் சரியான வேலை.

14 டிசம்பர் 2025

இடையில் கேட்ட ஒருவருக்கு: ஆம், பழைய டிஸ்கை புதிய கணினியில் மாட்டினால் அதில் உங்கள் ஃபோல்டரே உங்களுக்கு அனுமதி மறுக்கும். கணக்கின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் வேறு. ஒரே ஊரில் இரண்டு முருகேசன் மாதிரி. பிராப்பர்ட்டிஸில் 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' போய் உரிமையாளரை மாற்றிக்கொள்ளுங்கள். பட்டா மாறுதலைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

டாலிபிரைம் என்ற கணக்கு நிரலின் கோப்புகளைத் தேடுகிறவர் டாக்குமெண்ட்ஸில் தேட வேண்டாம். வழக்கமாக அது யூசர்ஸுக்குள் 'பப்ளிக்' ஃபோல்டரில் இருக்கும்.

கோப்புகளில் 600க்குப் பெயர் வைத்தாயிற்று.

17 ஜனவரி 2026

பொங்கல் விடுமுறையில் மறுபடி உட்கார்ந்தேன். வீட்டுக் கணினியில் பாமினியை இன்னும் நிறுவவில்லை, சோம்பல்தான். முகமூடி இல்லாமலே படிக்கப் பழகிவிட்டேன். முதல் வரியைப் பார்த்தால் கிரயமா, குத்தகையா, திருமண அழைப்பிதழா என்று தெரிந்துவிடுகிறது.

இன்று திறந்த ஒரு கோப்பில் ஒரே பத்தி. முதல் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இது பத்திரம் இல்லை என்று அப்போதே தெரிந்தது. சோம்பலை விட்டு எழுத்துருவை நிறுவினேன்.

'அம்மா நான் விளையாடப் போகிறேன். பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டது. நான் எடுக்கவில்லை.'

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தட்டச்சுச் சொல்லிக் கொடுத்தேன், 2013இல். இதை எப்போது தட்டினாள், எங்கே சேமித்தாள் என்று தெரியவில்லை. அன்றைக்கு நான் பார்க்கவும் இல்லை. கோவையில் கல்லூரியில் இருக்கிறாள், தொலைபேசியில் கேட்டேன். நினைவில்லையாம். "தாளை நான்தான் எடுத்திருப்பேன்" என்றாள்.

'தாள் தீர்ந்தது 2013' என்று பெயர் வைத்து இரண்டு டிஸ்கிலும் போட்டுவிட்டேன். இன்னும் 212 பாக்கி.